அத்தியாயம் 7: ஒரு பொருளுக்கு ஒரு சமையல் புத்தகம்

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிக் கட்டிய தனி வீடுகளில் காம்பவுண்டு ஓரம் ஒரு முருங்கை நிற்கும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், வாழை இருக்கும். முருங்கை காய்க்கத் தொடங்கிவிட்டால் லேசில் நிற்காது. சாம்பார், பொரியல், கூட்டு என்று மூன்று நாள் ஓடும். நான்காம் நாள் ஒரு கட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டிலும் முருங்கை காய்த்திருக்கும்.

அந்த நான்காம் நாளில்தான் வழக்கமான சமையல் புத்தகம் கைவிடுகிறது. இன்று என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டால் அது பதில் சொல்லும். வீட்டில் ஒரு கூடை முருங்கைக்காய் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால் முன்னும் பின்னும் புரட்ட வைக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு தனி வகை நூல் உண்டு. அரிசிக்கு, கீரைக்கு, மீனுக்கு, வாழைக்கு என்று ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதையே பேசும் நூல். அப்படிப்பட்ட நூல்களில் எது நல்லது என்று பிரித்தறிவதும், அதை எங்கே தேடுவதும், கிடைக்காவிட்டால் வீட்டிலேயே எப்படி எழுதிக்கொள்வதும்தான் இந்த அத்தியாயத்தின் வேலை.

அடுக்கு மாறினால் நூலும் மாறும்

தமிழ்ச் சமையல் நூல்கள் பெரும்பாலும் பதார்த்த வரிசையில் போகும். 1951-இல் முதல் பாகம் வெளிவந்து, இன்றுவரை புது மணப்பெண்களின் பெட்டியில் இடம்பிடிக்கும் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அதற்கு நல்ல உதாரணம். சாம்பார் ஓரிடம், ரசம் ஓரிடம், கூட்டு ஓரிடம். ஒரு முழுச் சாப்பாட்டைச் சமைக்கக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல அடுக்கு இல்லை.

பொருள் வரிசையும் தமிழுக்குப் புதிதல்ல. தேரையர் பெயரில் வழங்கும் ‘பதார்த்த குண சிந்தாமணி’ என்ற சித்த மருத்துவ நூல் தண்ணீர், பால், அரிசி, கீரை, காய், கிழங்கு, இறைச்சி என ஒவ்வொரு பொருளாக எடுத்து அதன் குணத்தைச் சொல்கிறது. அது சமையல் நூல் இல்லை. ஆனால் சமைப்பதற்கு முன் பொருளைத் தெரிந்துகொள் என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது.

தனி நூல் பெற்ற பெருமை பனைக்கும் உண்டு. ‘தாலவிலாசம்’ என்ற பழைய நூல் பனையின் 801 பயன்களைச் சொல்கிறது என்பது வழிவழியாக வரும் பேச்சு. இலங்கையிலிருந்த வில்லியம் பெர்குசன் 1850-இல் பனைமரத்துக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து அடுக்களையில் பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் கூழும் பனம்பழத்தில் செய்யும் பனாட்டும் இன்றும் பேசப்படுகின்றன. ஒரு மரத்தை வைத்து ஒரு நூல் முழுக்க எழுதலாம் என்பதற்கு அந்த அடுக்களையே சாட்சி.

நம் காலத்தில் இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டு போனவை பத்திரிகை இணைப்புகள். ‘அவள் விகடன்’ போன்ற இதழ்களோடு வந்த ‘30 வகை’ சமையல் புத்தகங்களைப் பழைய பீரோவில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கையடக்கமாக இருக்கும், சட்டென்று எடுத்துப் பார்க்கலாம். இந்த வகை இணைப்புகளில் ஒரு குறையும் உண்டு. பக்கம் குறைவு என்பதால் செய்முறை மட்டும் இருக்கும். பொருளைப் பற்றிய பாடம் இருக்காது.

வெளியூர் முன்னோடிகள் மூன்று

நல்ல பொருள்-நூல் எப்படி இருக்கும் என்று பார்க்க மூன்று நூல்களை அறிந்துகொள்வது உதவும்.

முதலாவது ஜப்பானின் ‘டோஃபு ஹியாகுச்சின்’. 1782-இல் ஒசாகாவில் வெளியானது. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு என்ற ஒரே பொருளில் 100 பதார்த்தங்கள். நூலாசிரியர் அந்த நூறையும் வெறுமனே வரிசைப்படுத்தவில்லை. ஆறு தரமாகப் பிரித்தார். அன்றாடம் எல்லா வீட்டிலும் செய்வது, எல்லோருக்கும் தெரிந்தது, நேர்த்தியானது, விசித்திரமானது, அபாரமானது, உச்சமானது என்று அந்த வரிசை ஏறிக்கொண்டே போகிறது. நூல் நன்றாக விற்றதும் அடுத்த ஆண்டே தொடர்ச்சி வந்தது. பிறகு முள்ளங்கி, முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ‘நூறு வகை’ நூல்கள் கிளம்பின.

இரண்டாவது, அமெரிக்காவின் டஸ்கெகீ நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1916-இல் வெளியிட்ட வேர்க்கடலைக் கையேடு. அடிமைத்தளையில் பிறந்து வேளாண் அறிஞரானவர் அவர். தொடர்ந்து பருத்தி போட்டுப் போட்டு மண் சத்திழந்திருந்தது. காய் துளைக்கும் வண்டு பருத்தியையும் அழித்துக்கொண்டிருந்தது. வேர்க்கடலை மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆனால் விளைந்ததை உழவர் என்ன செய்வார்? அதனால் கார்வர் பயிரிடும் முறையை முதலில் சொல்லி, அதோடு 105 சமையல் முறைகளைச் சேர்த்துக் கொடுத்தார். வயலும் அடுப்பும் ஒரே கையேட்டில் இருந்தன. செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம் பக்கம் போனால் மல்லாட்டை என்று சொல்லப்படும் வேர்க்கடலை விளையும் பூமி. அந்தப் பக்கத்துக்கும் அப்படியொரு கையேடு பொருந்தும்.

மூன்றாவது, ஆலன் டேவிட்சனின் மீன் நூல். பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாகத் துனீசியாவில் இருந்தவர் அவர். சந்தையில் குவிந்த மீன்களில் எது எதுவென்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை. அவருக்காக 1963-இல் ஒரு சிறு கையேடு எழுதினார். அதுவே வளர்ந்து 1972-இல் ‘மெடிட்டரேனியன் சீஃபுட்’ ஆனது. ஒவ்வொரு மீனுக்கும் படம், பல மொழிப் பெயர்கள், அதன் இயல்பு. செய்முறை அதற்குப் பிறகுதான்.

ஒன்று தரம் பிரித்தது, ஒன்று வயலோடு சேர்த்துச் சொன்னது, ஒன்று பெயரில் தொடங்கியது. மூன்றுமே பொருளை அறிந்துகொள்ளும் வழியைச் சொல்லித்தந்தன. ஒரு பொருள்-நூலின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. அட்டையில் 30 வகை என்று போட்டிருக்கிறதா, 100 வகை என்று போட்டிருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை.

கடையில் நின்றபடியே பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்

புத்தகக் கடையில் பத்து நிமிடம் போதும்.

1. முதல் பத்துப் பக்கம். அந்தப் பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது, எத்தனை நாள் வைக்கலாம், எந்த ரகம் எதற்கு ஏற்றது என்று இருக்கிறதா? முன்னுரை முடிந்ததும் நேராக ‘தேவையான பொருட்கள்’ என்று தொடங்கினால் அது வெறும் தொகுப்பு.

2. மாற்றிப் பார்க்கும் சோதனை. ஏதாவது ஒரு செய்முறையில் தலைப்பிலுள்ள பொருளை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வாழைப்பூ வடையில் வாழைப்பூவுக்குப் பதில் முட்டைக்கோஸ் என்று போட்டாலும் ஒரு வரிகூட மாறாமல் நின்றால், எழுதியவர் வாழைப்பூவைச் சமைத்துப் பார்த்து எழுதவில்லை.

3. உறுப்புகள். முருங்கை நூல் என்றால் காய், கீரை, பூ மூன்றும் இருக்க வேண்டும். பூசணி நூலில் தோலும் விதையும் வராவிட்டால் பாதி நூல்தான்.

4. எச்சரிக்கை. கசக்கும் சுரைக்காயைச் சாறாகக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சுரைக்காயைப் பேசும் நூலில் ‘நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார், கசந்தால் கொட்டிவிடு’ என்ற வரி இருந்தே ஆக வேண்டும். மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலுரித்து வேகவைத்து அந்த நீரைக் கொட்ட வேண்டும். ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்க வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பூசணம் பிடித்த வேர்க்கடலையை வறுத்தாலும் நஞ்சு போகாது. இவற்றைச் சொல்லாத நூலை வாங்காமல் விடுவதே நல்லது.

5. அளவு. பழைய நூல்களில் ஆழாக்கும் படியும் வரும். 8 ஆழாக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்றுதான் என்றாலும், படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. புது நூல்களில் ‘ஒரு கப்’ என்று இருக்கும். எந்தக் கப் என்று இருக்காது. முதல் பக்கத்திலேயே அளவைக் கிராமிலோ மில்லியிலோ சொல்லிவிட்ட நூலை நம்பலாம்.

6. மிச்சம். ஒரு பொருள் மலிவாகக் குவியும்போதுதான் இந்த நூல் கைக்கு வரும். வற்றல், வடகம், ஊறுகாய், தொக்கு, பொடி என்று சேமிக்கும் முறைகள் இல்லாவிட்டால், நான்காம் நாள் கேள்விக்கு அதில் விடை இல்லை.

வாழையை வைத்து ஒரு பரீட்சை

இந்த ஆறையும் ஒரே பொருளில் பார்க்க வாழை வசதியானது. கொல்லையில் வாழை வைத்திருப்பவருக்கு ஓர் உண்மை தெரியும்: ஒரு மரம் ஒரு முறைதான் குலை தள்ளும். குலை விட்டுச் சீப்பெல்லாம் வெளியே வந்ததும் நுனியில் தொங்கும் பூவை ஒடிப்பார்கள். அதிலிருந்து சுமார் மூன்று மாதத்தில் குலை முற்றும். குலையை வெட்டும் அன்றே மரமும் சாயும். காய், தண்டு, இலை எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்து குவியும். அடுத்த வாரம் மிச்சக் காய் பழுக்கும்.

ஒரு வாழை நூல் இந்த நாட்காட்டியை அறிந்து எழுதப்பட்டிருந்தால் முதலில் பூ, பிறகு காயும் தண்டும், கடைசியில் பழம் என்று போகும். குலை வெட்டிய வாரத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கும். பொரியல், கூட்டு, வறுவல் என்று எங்கும் இருக்கும் தலைப்புகளை விட அந்த அடுக்கு பல மடங்கு பயன் தரும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? பூவை ஆய்வதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கறை லேசில் போகாது. ஒவ்வொரு பூவிலும் நடுவில் விறைத்து நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடிபோல் இருக்கும் செதிலையும் எடுத்துவிட வேண்டும். அவை வேகாது. நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் பூவிலுள்ள நொதி வேலை செய்து கறுக்கவைக்கும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். தண்டை வில்லையாக நறுக்கும்போது இழுபடும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். சமையலுக்கான காய் என்றால் மொந்தன் என்றும், சிப்ஸுக்கு நேந்திரன் என்றும் ரகம் பிரித்துச் சொல்ல வேண்டும். இத்தனையும் தெரிந்த பிறகு பருப்பு உசிலியா கோலாவா என்பது வீட்டாரின் விருப்பம்.

சிறுதானிய நூல்கள்: ஒரு தனிக் குறிப்பு

இந்தியா முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே தமிழில் தினை, சாமை, வரகு, குதிரைவாலி பெயர் போட்ட சமையல் நூல்கள் வரத் தொடங்கியிருந்தன. அந்த ஆண்டுக்குப் பிறகு இன்னும் கூடின. 2016 பருப்பு வகைகளுக்கும், 2008 உருளைக்கிழங்குக்கும், 2004 அரிசிக்கும் இப்படி அறிவிக்கப்பட்ட ஆண்டுகள்தான்.

சிறுதானிய நூலை எடுத்ததும் இரண்டு கேள்வி கேட்கலாம். எல்லாச் சிறுதானியத்துக்கும் ஒரே தண்ணீர் அளவு போட்டிருக்கிறதா? சாமைக்கும் வரகுக்கும் ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு தண்ணீர் போதும். கேழ்வரகையோ கம்பையோ அப்படிச் சோறாக வடிப்பதில்லை. ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்திருந்தால் எழுதியவர் அடுப்பில் வைத்துப் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்து, கம்பு மாவைப் பற்றி என்ன சொல்கிறது? கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்ததும் அந்தக் கொழுப்பு சிதைந்து, சில நாளிலேயே மாவு கசக்கத் தொடங்கும். அந்தக் காலத்தில் கம்பை அன்றன்றைக்கு இடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மாதத்துக்கு மாவு அரைத்து வைத்துக்கொள்ளச் சொல்லும் நூலை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

சத்துக் கணக்கு போட்டிருக்கும் நூல்களைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருட்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். நூலில் உள்ள எண் அந்த அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று ஒரே ஒரு பொருளுக்குப் பார்த்தாலே மற்றவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

பெயரில் வரும் சிக்கல்

ஜி.எஸ்.டி. சாலையோரம் தாம்பரம் முதல் மறைமலைநகர் வரை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் தூத்துக்குடி வீடும் நாகப்பட்டினம் வீடும் விழுப்புரம் வீடும் அடுத்தடுத்து இருக்கும். புத்தகத்தில் உள்ள பொருளின் பெயர் எல்லோருக்கும் ஒன்றையே குறிக்கும் என்று நினைக்க முடியாது.

மீன் நல்ல உதாரணம். சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தெற்கே சீலா என்றும் நெய்மீன் என்றும் சொல்கிறார்கள். ஈழத்தில் அது அறக்குளா. சென்னை மீன்கடையில் சீலா கேட்டால் கிடைப்பது பாரகுடா என்ற வேறு மீன். தென்கோடி எழுத்தாளர் ஒருவரின் சீலா குழம்பைத் தாம்பரம் சந்தையில் வாங்கிச் சமைத்தால் குழம்பே வேறாகிவிடும். வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை மூன்றும் ஒன்று என்பதுகூட எல்லா ஊருக்கும் தெரிந்ததல்ல. டேவிட்சன் பெயரில் தொடங்கியதன் அருமை இங்கேதான் விளங்கும். வட்டாரப் பெயர்களைப் பின்னிணைப்பில் தரும் நூல் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

எங்கே தேடுவது

டியூயி முறையில் அடுக்கும் நூலகங்களில் சமையலுக்கு 641.5 என்ற எண். அதற்கு அடுத்த 641.6 என்பது குறிப்பிட்ட பொருளைக் கொண்டு சமைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதிலும் 641.6318 என்றால் அரிசி, 641.65 என்றால் காய்கறி, 641.692 என்றால் மீன். அலமாரியில் நேராக அந்த எண்ணுக்குப் போனால் பொதுச் சமையல் நூல்களைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை.

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் நடந்து போகும் தூரம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ச் சமையல் நூல்களைப் பார்க்க விரும்புபவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. வாங்குவதென்றால் பொங்கலை ஒட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிதான் சிறந்த இடம்; பத்துப் பதிப்பகங்களின் கீரை நூல்களை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் முடியாது. காட்டாங்கொளத்தூரை ஒட்டிய கட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. விளைபொருளைப் பதப்படுத்தும் பயிற்சி எப்போது நடக்கும் என்று அங்கே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு நோட்டு

தேடிய பொருளுக்கு நூல் கிடைக்காமல் போகலாம். சுண்டைக்காய்க்கோ கல்யாண முருங்கைக்கோ தனி நூல் தேடி அலைவதை விட 80 பக்க நோட்டு ஒன்று வாங்குவது எளிது.

முதல் பக்கத்தில் பொருளின் பெயர், வீட்டில் பேசும் பெயர், அக்கம்பக்கத்தார் சொல்லும் பெயர். இரண்டாம் பக்கத்தில் எந்த மாதம் கிடைக்கிறது, எப்படிப் பார்த்து வாங்குவது. மூன்றாம் பக்கத்தில் சுத்தம் செய்யும் முறையும் எச்சரிக்கையும். அதன் பிறகே செய்முறைகள். வீட்டு டம்ளரையும் கரண்டியையும் ஒரு முறை தராசில் நிறுத்து, அந்த அளவை அட்டையின் உட்புறத்தில் எழுதிவிட்டால் ‘கண் அளவு’ என்று பாட்டி சொல்வதையும் எழுத்தில் கொண்டுவரலாம். அவர் போடும்போது கிண்ணத்தைத் தராசில் வைத்தால் போதும்.

ஜப்பானியரின் தரம் பிரிக்கும் முறையையும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு தரம் வேண்டியதில்லை. தினமும் செய்வது, விருந்தாளிக்குச் செய்வது, வருடத்தில் ஒரு நாள் செய்வது என்று மூன்று போதும். ஒவ்வொரு செய்முறைக்கும் யாரிடம் கற்றது, எந்த ஊர் வழக்கம் என்று ஒரு வரி சேர்த்தால், பத்து வருடம் கழித்து அந்த வரிதான் நோட்டிலேயே அருமையானதாக இருக்கும். முதல் முயற்சியில் என்ன கெட்டுப்போனது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அடுத்து சமைப்பவருக்கு உதவுவது அதுதான்.

நோட்டு நிறைந்து, 60 பக்கச் சிறு நூலாக அச்சிடும் எண்ணம் வந்தால் தயங்க வேண்டாம். கார்வரின் கையேடும் ஒரு சிறு வெளியீடுதான். 1954-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பதிப்பாளர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். கூடுவாஞ்சேரி வீடு ஒன்றின் முருங்கை நூலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.